5040 என்னும் எண்ணின் உள்ளமைப்பு

வங்கி அட்டைக்கு நான்கு இலக்க ரகசிய எண் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள் இருக்கின்றன. அவற்றுள் எந்த இலக்கமும் இரண்டு முறை வராத எண்கள் எத்தனை? பட்டியல் போட்டு எண்ண வேண்டியதில்லை. முதல் இடத்தில் பத்து இலக்கங்களுள் எதையும் வைக்கலாம். இரண்டாம் இடத்துக்கு மீதி ஒன்பது இலக்கங்கள் இருக்கும். மூன்றாம் இடத்துக்கு எட்டு. நான்காம் இடத்துக்கு ஏழு. ஆகவே விடை 10 × 9 × 8 × 7 = 5040. மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேல்.

இப்போது இதனோடு தொடர்பே இல்லாதது போலத் தோன்றும் இன்னொரு கேள்வி. ஏழு பேரை ஒரே வரிசையில் எத்தனை விதமாக நிற்க வைக்கலாம்? முதல் இடத்துக்கு ஏழு பேர், அடுத்த இடத்துக்கு ஆறு பேர், அதற்கடுத்து ஐந்து பேர் என்று குறைந்துகொண்டே வந்து, கடைசி இடத்துக்கு ஒருவரே எஞ்சுவார். 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1 என்று பெருக்கினால் இங்கும் 5040 தான் வருகிறது. ஒன்று முதல் ஒரு குறிப்பிட்ட எண் வரையுள்ள எல்லா எண்களையும் இவ்வாறு பெருக்குவதைப் பள்ளிப் பாடநூல்கள் காரணீயப் பெருக்கம் என்று அழைக்கின்றன, அதை 7! என்று சுருக்கி எழுதுவது வழக்கம்.

இரண்டு பெருக்கங்களிலும் 7 பொதுவாக இருப்பதால் அதை நீக்கிவிட்டுப் பார்ப்போம். ஒரு பக்கம் 10 × 9 × 8 மிஞ்சுகிறது. மறுபக்கம் 6 × 5 × 4 × 3 × 2 × 1 மிஞ்சுகிறது. இரண்டும் 720. 10! என்பது 10 × 9 × 8 × 7! ஆகையால், இதையே 6! × 7! = 10! என்றும் எழுதலாம். இரண்டு காரணீயப் பெருக்கங்களைப் பெருக்கினால் மூன்றாவது ஒன்று கிடைக்கும் சமன்பாடுகளில் ஒரு வகை மிக எளிதாக அமைந்துவிடும். 3! என்பது 6 ஆகையால், 6! = 6 × 5! = 3! × 5! என்பது முயற்சியின்றியே வந்துவிடுகிறது. அந்த எளிய வகையைச் சேராத சமன்பாடாக இதுவரை கண்டறியப்பட்டிருப்பது 6! × 7! = 10! ஒன்றே. வேறு ஏதும் இல்லை என்று நிறுவவும் இன்றுவரை எவராலும் முடியவில்லை.

எண்களைப் பற்றிக் கற்கத் தொடங்குபவருக்கு 5040 நல்ல நுழைவாயில் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. அதன் குறிப்பிடத்தக்க பண்புகள் பலவும், அது ஒன்று முதல் ஏழு வரையுள்ள எண்களால் கட்டப்பட்டது என்ற ஒரே செய்தியிலிருந்து கிளைத்தவை. ஓர் எண்ணின் மதிப்பைவிட அதன் கட்டுமானத்தை அறிவதே எண் கோட்பாட்டின் முதல் வேலை.

வரிசை மாற்றும் கலை

ஏழு என்றவுடன் நம் இசையில் நினைவுக்கு வருபவை ஏழு சுரங்கள். ச, ரி, க, ம, ப, த, நி ஆகிய ஏழையும் ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் வரும்படி முன்பின்னாக மாற்றி அடுக்கினால் 5040 வரிசைகள் கிடைக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி அரசவையைச் சார்ந்திருந்த சார்ங்கதேவர், தம் ‘சங்கீத ரத்னாகரம்’ நூலில் இந்த எண்ணிக்கையைக் கணக்கிட்டதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எல்லா வரிசைகளையும் ஒன்றுகூட விடுபடாமல் முறைப்படி எழுதும் வழியான பிரஸ்தாரத்தை விளக்கினார். வரிசையின் எண் தெரிந்தால் அந்த வரிசையைக் கண்டறிவதற்கு நஷ்டம் என்றும், வரிசை தெரிந்தால் அதன் எண்ணைக் கண்டறிவதற்கு உத்திஷ்டம் என்றும் இரண்டு கணக்கு முறைகளைத் தந்தார். இவற்றுக்கு உதவும் கண்டமேரு என்னும் அட்டவணையின் ஏழாவது பத்தியில் 720-இன் மடங்குகள் 4320 வரை அமைந்திருக்கும்.

அந்த 720 ஏன் வருகிறது என்பதை ஒரு கணக்கைச் செய்து பார்த்தே புரிந்துகொள்ளலாம். சார்ங்கதேவர் பின்பற்றிய அடுக்கு முறை வேறு. இங்கே எளிமைக்காக, அகராதியில் சொற்களை அடுக்குவது போல, ‘ச’வில் தொடங்குபவை முதலில், ‘ரி’யில் தொடங்குபவை அடுத்து என்று வைத்துக்கொள்வோம். 5040 வரிசைகளுள் ஆயிரமாவது எது? முதல் சுரத்தை முடிவு செய்துவிட்டால் மீதி ஆறு சுரங்களை 720 விதமாக அடுக்கலாம் என்பதால், ‘ச’வில் தொடங்குபவை 720 இருக்கும். ஆயிரமாவது வரிசைக்கு முன்னால் 999 வரிசைகள் நிற்கின்றன. 999-இல் 720 ஒருமுறை அடங்கி 279 மீதியாகிறது. ஆகவே ஒரு சுரத்தைத் தாண்டி ‘ரி’க்கு வருகிறோம். அடுத்த இடத்துக்கு அளவுகோல் 5!, அதாவது 120. 279-இல் 120 இரண்டு முறை அடங்கி 39 மீதியாகிறது. எஞ்சியிருக்கும் ச, க, ம, ப, த, நி என்பவற்றுள் இரண்டைத் தாண்டினால் ‘ம’. பிறகு அளவுகோல் 24: ஒருமுறை அடங்கி 15 மீதி, ச, க, ப, த, நி என்பவற்றுள் ஒன்றைத் தாண்டினால் ‘க’. பிறகு 6: இரண்டு முறை, மீதி 3, ச, ப, த, நி என்பவற்றுள் இரண்டைத் தாண்டினால் ‘த’. பிறகு 2: ஒருமுறை, மீதி 1, ‘ப’. கடைசியாக 1: ஒருமுறை, ‘நி’. எஞ்சுவது ‘ச’. ஆயிரமாவது வரிசை ரி ம க த ப நி ச.

சாதாரணமாக நாம் எண்களை ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்ற இடமதிப்புகளால் பிரிக்கிறோம். மேலே செய்த கணக்கில் இடமதிப்புகள் 1, 2, 6, 24, 120, 720 என்று அமைந்தன. பத்தின் அடுக்குகளுக்குப் பதில் காரணீயப் பெருக்கங்களை வைத்தும் எண்களைப் பிழையின்றி எழுத முடியும் என்பது இதனால் விளங்குகிறது. கணினியில் வரிசை மாற்றங்களுக்கு எண் கொடுக்க இன்றும் இதே முறை பயன்படுகிறது.

இங்கிலாந்தின் தேவாலயங்களிலும் இந்த எண்ணுக்கு ஓர் இடம் உண்டு. அங்குள்ள மணிகளைக் குறிப்பிட்ட ஒழுங்கில், வரிசையை மாற்றி மாற்றி அடிப்பது ஒரு பழைய கலை. ஏழு மணிகளைக் கொண்டு எந்த வரிசையும் திரும்ப வராமல் எல்லா 5040 வரிசைகளையும் அடித்து முடிப்பது அக்கலையில் முழுமையான ஒரு நிகழ்வாகக் கருதப்படுகிறது. ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போகும்போது எந்த மணியும் ஓரிடத்துக்கு மேல் நகரக்கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. கனத்த மணியின் வீச்சைச் சட்டென்று மாற்ற முடியாது என்பதே அதற்குக் காரணம். 1715 மே 2 அன்று நார்விச் நகரின் புனித பீட்டர் மான்கிராஃப்ட் தேவாலயத்தில் 5040 வரிசைகளும் 3 மணி 18 நிமிடத்தில் அடித்து முடிக்கப்பட்டன. அடிப்பவர்கள் தாளைப் பார்ப்பதில்லை. மாறும் விதியை மனத்தில் வைத்துக்கொண்டே அடிக்கிறார்கள்.

அறுபது காரணிகள்

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்கிறோம். 5040-இன் காரணிகளைக் காண, முதலில் அதைப் பகா எண்களாகப் பிரிக்க வேண்டும். பகா எண் என்பது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும், 1-ஐவிடப் பெரிய எண்: 2, 3, 5, 7, 11 போன்றவை. ஒன்று முதல் ஏழு வரையுள்ள எண்களை எடுத்துக்கொண்டால், 2 ஒரு இரண்டைத் தருகிறது. 4 இரண்டு இரண்டுகளைத் தருகிறது. 6 ஒரு இரண்டையும் ஒரு மூன்றையும் தருகிறது. 3 தன்னையே தருகிறது. 5, 7 இரண்டும் பகா எண்களாக அப்படியே நிற்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் 5040 = 2⁴ × 3² × 5 × 7.

இதிலிருந்து ஒரு காரணியை உருவாக்குவது, இருக்கும் செங்கற்களில் சிலவற்றை மட்டும் எடுத்துச் சிறிய கட்டடம் கட்டுவது போன்றது. இரண்டுகளில் ஒன்றும் எடுக்காமலோ, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எத்தனை வேண்டுமானாலும் எடுத்தோ கட்டலாம். இதற்கு 5 வழிகள். மூன்றுகளில் எதுவும் எடுக்காமல், ஒன்றை எடுத்து, அல்லது இரண்டையும் எடுத்து என 3 வழிகள். ஐந்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதற்கு 2 வழிகள். ஏழுக்கும் 2 வழிகள். ஒவ்வொரு முடிவும் மற்றதைச் சாராததால் இவற்றைப் பெருக்க வேண்டும்: 5 × 3 × 2 × 2 = 60. ஒன்றும் எடுக்காமல் விட்டால் 1 என்னும் காரணியும், எல்லாவற்றையும் எடுத்தால் 5040-உம் கிடைக்கும். அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கும் இந்த விதி எல்லா எண்களுக்கும் பொருந்தும்.

அறுபது காரணிகளும் இணை இணையாக நிற்கும். 1-க்கு இணை 5040, 2-க்கு 2520, 3-க்கு 1680. இப்படி உள்நோக்கி வந்துகொண்டே இருந்தால் கடைசி இணை 70-உம் 72-உம் ஆகும். இந்தக் கடைசி இணையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

5040-ஐ ஒன்று முதல் பத்து வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுக்கலாம். ஏழு வரையுள்ளவை கட்டுமானத்திலேயே இருக்கின்றன. 8, 9, 10 ஆகியவை அந்தச் செங்கற்களாலேயே கட்டக்கூடியவை. 11 மட்டும் ஒத்துவராது. அது புதிய பகா எண் என்பதால் 2 மீதி வரும். 12 மறுபடியும் ஒத்துவரும்.

இந்தப் பண்பை ஏறத்தாழ 2,350 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோ அரசியல் தேவைக்காக எடுத்தாண்டார். ‘சட்டங்கள்’ என்னும் தம் நூலின் ஐந்தாம் பகுதியில், கிரீட் தீவில் புதிதாக அமைக்கப்படும் ஒரு கற்பனை நகருக்கு 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் முழுக்க எண்கணிதம் சார்ந்தது: அந்த எண்ணுக்குத் தன்னைத் தவிர 59 காரணிகள் இருக்கின்றன, அவற்றுள் ஒன்று முதல் பத்து வரை இடைவெளியின்றி அமைந்துள்ளன; ஆகவே போர்க்காலத்திலும் அமைதிக்காலத்திலும், வரி வாங்கவும் நிலம் பங்கிடவும், மக்களை எந்த அளவிலும் சமமாகப் பிரிக்கலாம். நகரம் பன்னிரண்டு குலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு குலத்துக்கு 420 குடும்பங்கள். அந்த 420-ஐ மறுபடியும் பன்னிரண்டால் வகுத்தால் 35. பதினொன்றால் வகுக்க முடியாத குறையையும் அவர் கவனித்திருக்கிறார். இரண்டு குடும்பங்களை ஒதுக்கி வைத்தால் அதுவும் சரியாகிவிடும் என்று எழுதுகிறார். 5038 என்பது 11 × 458 என்று நாமே சரிபார்க்கலாம்.

ஒரு நாட்டின் நீதியை மக்கள்தொகையின் காரணிகளைக் கொண்டு உறுதி செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி. முடியாது என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் பின்னங்களைக் கையாள்வது கடினமாக இருந்த காலத்தில் மீதியின்றிப் பங்கிடுவது எவ்வளவு பெரிய நடைமுறைத் தேவையாக இருந்தது என்பதை அந்தப் பத்தி தெளிவாகக் காட்டுகிறது. ஒரு வட்டத்துக்கு 360 பாகை, ஒரு மணிக்கு 60 நிமிடம் என்ற அளவுகளின் பின்னாலும் இதே தேவைதான் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு 10,080 நிமிடங்கள். அதில் சரிபாதி 5040.

இராமானுஜனின் பட்டியல்

5040-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 60 காரணிகள் கிடையாது. அதற்கு முன்னுள்ள எண்களுக்கு அதிகபட்சம் 48 காரணிகளே உண்டு; அந்த எண்ணிக்கையை முதலில் எட்டுவது 2520. தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை மிகு பகு எண் என்று அழைக்கலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520 என்று வரும் இந்த வரிசையில் 5040 பத்தொன்பதாவது.

இப்பெயரைச் சூட்டி இவ்வெண்களை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்துவிட்டு 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இது பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். அந்த ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. 1729 என்றால் உடனே அவர் பெயரைச் சொல்லும் நாம், அவருக்குப் பட்டம் பெற்றுத் தந்த இந்த எண்களைப் பற்றி அதிகம் பேசாதது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

மிகு பகு எண்களின் கட்டுமானத்தில் ஓர் ஒழுங்கு இருப்பதை அவர் நிறுவினார். பகா எண்கள் 2-இல் தொடங்கி இடையில் எதுவும் விடுபடாமல் வரும். அடுக்குகள் ஒருபோதும் ஏறாது. 5040-இல் அடுக்குகள் 4, 2, 1, 1 என்று இறங்குகின்றன. இது ஏன் கட்டாயம் என்பதைத் தொடக்க நிலையிலுள்ளவரும் உணரலாம். 2² × 3⁴ × 5 × 7 என்ற எண்ணுக்கும் 60 காரணிகள்தான். ஆனால் அதன் மதிப்பு 11,340. அதிக எண்ணிக்கையில் தேவைப்படும் செங்கல் மலிவானதாக இருந்தால்தான் மொத்தச் செலவு குறையும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும், 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே அதற்கு விலக்கு என்றும் அவர் காட்டினார்.

பகா எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் மட்டும் காரணிகள் பெருகிவிடாது. 2 × 3 × 5 × 7 × 11 = 2310; ஐந்து வெவ்வேறு பகா எண்கள் இருந்தும் அதற்கு 32 காரணிகளே. அதன் அருகிலுள்ள 2520, பதினொன்றை விட்டுவிட்டு இரண்டுகளையும் மூன்றுகளையும் கூட்டிக்கொண்டதால் 48 காரணிகளைப் பெறுகிறது. எந்தப் பகா எண்ணை எந்த அளவுக்குச் சேர்ப்பது என்ற இந்தச் சமநிலையைத் துல்லியமாக ஆராய்ந்ததே இராமானுஜனின் கட்டுரை.

கட்டுரையின் பட்டியல் 6,746,328,388,800 வரை நூற்றுக்கு மேற்பட்ட மிகு பகு எண்களைத் தருகிறது. கணினி இல்லாத காலத்தில் கையால் தயாரிக்கப்பட்ட அப்பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டுவிட்டது: 293,318,625,600. இதன் கட்டுமானம் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. மேலே சொன்ன விதிப்படி காரணிகளின் எண்ணிக்கை 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. பெருக்கிப் பார்த்தால் சரியாக 5040 வருகிறது.

இரு பக்கத்து அண்டை எண்கள்

அறுபது காரணிகள் கொண்ட 5040-இன் இரு பக்கமும் இருப்பவை அதற்கு நேர்மாறானவை. 5039 ஒரு பகா எண். அதற்கு 2 காரணிகளே. 5041-ஐ எடுத்துக்கொண்டால், ஒன்று முதல் ஏழு வரை எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் 1 மீதி வரும், ஏனெனில் 5040 அவற்றால் வகுபடும். அதைத் தாண்டித் தேடினால் 11, 13, 17 என்று 67 வரை எதுவும் ஒத்துவராது. முதன்முதலில் வகுப்பது 71, ஈவும் 71. அதாவது 5041 = 71². அதன் காரணிகள் 1, 71, 5041 என மூன்று மட்டுமே.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன 70 × 72 இங்கே வந்து சேர்கிறது. எந்த எண்ணின் வர்க்கத்திலிருந்தும் ஒன்றைக் கழித்தால், அவ்வெண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களின் பெருக்கம் கிடைக்கும். 71² − 1 = 70 × 72. ஆகவே 7! என்ற பெருக்கம் 70, 72 என்ற இரண்டாகப் பிரிவதும், 7! + 1 முழு வர்க்கமாக இருப்பதும் ஒரே செய்தியின் இரு வடிவங்கள்.

காரணீயப் பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் முழு வர்க்கம் வருவது வேறு எங்கெல்லாம் நிகழ்கிறது? 4! + 1 = 25 = 5²; 5! + 1 = 121 = 11²; 7! + 1 = 71². பிரான்சைச் சேர்ந்த ஆன்றி புரோக்கார் 1876-இலும் 1885-இலும் இக்கேள்வியை எழுப்பினார். 1913-இல் இந்தியக் கணிதக் கழக இதழின் வினாப் பகுதியில் இராமானுஜன் 4, 5, 7 ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, மற்றவற்றைக் கண்டறியுமாறு கேட்டார். 2000-ஆம் ஆண்டில் நூறு கோடி வரை கணினியால் தேடிப் பார்த்தார்கள்; நான்காவது ஒன்று அகப்படவில்லை. இல்லவே இல்லை என்ற நிறுவலும் கிடைக்கவில்லை.

5040-க்கு இன்னும் சில பண்புகளைச் சொல்வார்கள். 23 முதல் 229 வரையுள்ள 42 அடுத்தடுத்த பகா எண்களின் கூட்டுத்தொகை அது என்பது அவற்றுள் ஒன்று. கூட்டிப் பார்க்க இன்பமாக இருந்தாலும், இது கட்டுமானத்திலிருந்து பிறக்காத தற்செயல் என்றே கொள்ள வேண்டும். பகா எண்களை எங்கோ தொடங்கி எங்கோ முடித்துக் கூட்டினால் ஏதாவது ஓர் எண் வரத்தானே செய்யும். ஓர் எண்ணின் பண்பைக் கேட்கும்போது அது ஏன் அப்படி என்று அடுத்துக் கேட்கும் பழக்கம் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும்.

கடைசி விதிவிலக்கு

இதுவரை காரணிகளை எண்ணினோம். இப்போது அவற்றைக் கூட்டுவோம். அறுபதையும் தனித்தனியே எழுத வேண்டியதில்லை. இரண்டின் அடுக்குகளைக் கூட்டினால் 1 + 2 + 4 + 8 + 16 = 31. மூன்றுக்கு 1 + 3 + 9 = 13. ஐந்துக்கு 6, ஏழுக்கு 8. நான்கையும் பெருக்கினால் 31 × 13 × 6 × 8 = 19,344. இதை 5040-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.838. தன் காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைப்போல் எத்தனை மடங்கு என்பதை இந்த விகிதம் சொல்கிறது. ஓர் எண் எவ்வளவு செழிப்பாக வகுபடுகிறது என்பதற்கு இதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

எண்கள் பெரிதாகப் பெரிதாக இந்த விகிதம் எவ்வளவு உயரலாம்? எல்லையின்றி உயரலாம், ஆனால் மிக மெதுவாக. எண்ணின் இயல் மடக்கையை (ஏறத்தாழ 2.718 என்னும் எண்ணை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் அவ்வெண் வரும் என்பதை) கண்டு, கிடைத்ததற்கு மீண்டும் இயல் மடக்கை கண்டு, அதை ஏறத்தாழ 1.781 என்னும் மாறிலியால் பெருக்கினால் வரும் அளவை ஒட்டியே அதன் உச்சம் நகர்கிறது என்று 1913-இல் கணித அறிஞர் குரோன்வால் நிறுவினார். ஒன்றுக்குப் பின் நூறு சுழியங்கள் கொண்ட எண்ணுக்குக்கூட இந்த அளவு 10-ஐத் தொடுவதில்லை என்றால் எவ்வளவு மெதுவான வளர்ச்சி என்பது விளங்கும்.

5040-க்கு இதைக் கணக்கிடுவோம். இயல் மடக்கை 8.525, மீண்டும் ஒருமுறை எடுத்தால் 2.143, 1.781-ஆல் பெருக்கினால் 3.817. நாம் கண்ட விகிதமோ 3.838. அதாவது 5040 அந்த அளவைச் சற்றே மீறுகிறது. இவ்வாறு மீறும் எண்கள் 2 முதல் 5040 வரை மொத்தம் 27 இருக்கின்றன. 5040-க்குப் பிறகு மீறும் எண் ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. அடுத்த போட்டியாளரான 10,080-க்கு விகிதம் 3.9, எல்லை 3.956. மீறவில்லை.

1984-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கி ராபேன் இதைப் பற்றி ஒரு வியப்பான தேற்றத்தை நிறுவினார். 5040-க்கு மேற்பட்ட எந்த எண்ணும் இந்த எல்லையை மீறாது என்ற கூற்றும், பகா எண்களின் பரவலைப் பற்றி ஜெர்மன் கணித அறிஞர் ரீமன் 1859-இல் முன்வைத்த கருதுகோளும் ஒன்றுக்கொன்று சமமானவை. ஒன்று உண்மையானால் மற்றதும் உண்மை. ஒன்று பொய்யானால் மற்றதும் பொய். கணிதத்தில் இன்று தீராமல் இருக்கும் கேள்விகளுள் மிகவும் புகழ்பெற்ற அது, பள்ளி மாணவர் செய்யக்கூடிய கூட்டலையும் வகுத்தலையும் 5040 என்ற ஒரே எல்லைக்கல்லையும் வைத்துச் சொல்லக்கூடியதாகிவிட்டது.

இங்கேயும் இராமானுஜனின் தடம் இருக்கிறது. 1915-ஆம் ஆண்டுக் கட்டுரையின் பிற்பகுதி, கணிதச் சங்கத்தின் நிதி நெருக்கடியால் அச்சேறாமல் நின்றுபோனது. ரீமனின் கருதுகோள் சரியென்று கொண்டால், போதிய அளவு பெரிய எண்கள் யாவும் இந்த எல்லைக்குள் அடங்கும் என்பதை அவர் அப்பகுதியில் காட்டியிருந்தார். 1997-இல் ழான் லூயி நிக்கோலாவும் ராபேனும் அதைப் பதிப்பித்தார்கள். ராபேனின் தேற்றம் வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர்தான் அந்தப் பக்கங்கள் எல்லோர் கைக்கும் வந்தன.

கருதுகோள் பொய்யாக இருந்தால் எல்லையை மீறும் எண்கள் 5040-க்கு அப்பால் முடிவில்லாமல் இருக்கும் என்பதும் ராபேனின் முடிவு. அவற்றுள் மிகச் சிறியதைத் தேடுபவர் ஒவ்வோர் எண்ணாகச் சோதிக்க வேண்டியதில்லை. தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விட இந்த விகிதம் கூடுதலாக உள்ள எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்று 2009-இல் நிறுவப்பட்டது. அத்தகைய எண்களும் 2, 3, 5, 7 என்று இடைவெளியில்லாமல் தொடங்கி, அடுக்குகள் ஏறாமல் இறங்கி, 5040 கட்டப்பட்ட அதே முறையில் கட்டப்பட்டவை.